எலி பிடிக்காத சிப்பிப்பாறை: வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா?

கோரையாற்றுக்கரை:

மன்னார்குடி – திருத்துறைப்பூண்டி சாலையை ஒட்டி நாலு ஏக்கர் நஞ்சை. சம்பா, அதன்பின் உளுந்து. வரப்பெல்லாம் எலி வளை. வீட்டில் ஆடு, கோழி இருப்பதால் மருந்து வைக்க விருப்பமில்லை. அதற்காகத்தான் வேட்டை வம்சம் என்று சொல்லிக் கொடுத்த சிப்பிப்பாறை நாய்க்குட்டியை வாங்கி வளர்த்தோம். ஆண், 20 மாதம், 18 கிலோ.

வளையை மண்வெட்டியால் வெட்டினால் எலி பாய்கிறது. நாய் தலையைத் தூக்கிப் பார்க்கும், நாலடி ஓடும், நின்றுவிடும். வளையில் மூக்கை வைப்பதே இல்லை. ஈர வரப்பில் நடக்கவே தயங்குகிறது. ஆனால் ரோட்டில் கேரி பை பறந்தால் துரத்துகிறது. மேய வந்த வாத்து மந்தைக்குள் ஒருநாள் பாய்ந்து சண்டையாகிவிட்டது.

ஊரில் ஆளுக்கொரு யோசனை. முயலுக்கு விட்டுப் பழக்கு என்கிறார் ஒருவர். அவிழ்த்துவிட்டால் தெருவோடு திரியும் என்கிறார் இன்னொருவர். வெறிநாய்த் தடுப்பூசி மட்டும் போட்டிருக்கிறது. இதை எலிக்குப் பழக்க முடியுமா? முடியாது என்றால் என்ன செய்வது?

வெண்ணாறு:

பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள் தம்பி. கேரி பையைத் துரத்துகிறது, வாத்தைத் துரத்துகிறது. துரத்தும் புத்தி இல்லாத நாய் இப்படிச் செய்யாது.

சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் வேட்டையாடுகிற இனங்கள். விருதுநகர், தூத்துக்குடி பக்கத்துக் கரிசல் வெளியில் தூரத்தில் ஒன்று எழுந்து ஓடினால் அதைப் பார்த்து, ஓடி, ஓட்டத்திலேயே ஜெயிப்பதற்காகப் பெருக்கியவை. நீளக் கால், ஆழமான நெஞ்சு, ஒடுங்கிய இடுப்பு எல்லாம் அதற்குத்தான். இரை கண்ணை விட்டு மறைந்தால் இந்த இனம் பெரும்பாலும் நின்றுவிடும். வளையிலிருந்து கிளம்பிய எலி மூன்றடியில் பயிருக்குள் புகுந்துவிடுகிறது. நாய்க்கு அங்கே துரத்த ஒன்றுமே இல்லை.

எலி வேலை வேறு மாதிரி. மோந்து பார்த்து வளையில் எலி இருக்கிறதா என்று காட்ட வேண்டும். தோண்ட வேண்டும். மூன்று நான்கு வாயில் எதில் வரும் என்று அசையாமல் காத்திருக்க வேண்டும். வந்ததும் கவ்வி ஓர் உலுக்கில் முடிக்க வேண்டும். குட்டையான, மூக்கை நம்புகிற, சேற்றுக்கு அஞ்சாத நாட்டு நாய்க்கு இது தானாக வரும். தாசில்தாரைக் கூட்டிவந்து நாற்றுப் பறிக்கச் சொன்னதுபோலத்தான் உங்கள் நாயின் நிலைமை.

ஈர வரப்பில் தயங்குவதற்கும் காரணம் தேடுங்கள். கம்பைன் அறுவடை இயந்திரம் அறுத்த வயலில் அடித்தாள் அரை அடிக்கு மேல் விறைத்து நிற்கும். இந்த இனத்துக்கு முடி குட்டை, தோல் மெல்லிசு. விரலிடுக்கில் ஒரு குத்து வாங்கினால் அடுத்த தடவை இறங்க யோசிக்கும். நாம் அதற்குச் சோம்பேறி என்று பெயர் வைப்போம். நாலு பாதத்தையும் விரித்து, விரல்களுக்கு நடுவே வெடிப்பு, சீழ், சிவப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

ஒரு சோதனை சொல்கிறேன். ஐந்தடி மூங்கில் கம்பு, நுனியில் ஆறடிக் கயிறு, கயிற்று முனையில் பழைய துணி முடிச்சு. காய்ந்த களத்தில் காலை 7 மணிக்குள், வெறும் வயிற்றோடு இருக்கும்போது, துணியைத் தரையோடு வட்டமாக இழுங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பாய்ந்து கவ்வினால் கண், கால், புத்தி மூன்றும் சரி. கொஞ்சம் ஓடியதுமே இரைத்து உட்கார்ந்தாலோ, திரும்பும்போது ஒரு காலைத் தூக்கினாலோ, இனத்தைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

வேட்டை வம்சம் என்பது விற்கிறவர் எல்லாரும் சொல்வது. தாய், தகப்பன் வேலை செய்வதைக் கண்ணால் பார்க்காமல் அந்தச் சொல்லுக்குக் காசு கொடுக்கக்கூடாது.

மேய்ச்சல்தரை:

உடம்பைப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம். டெல்டாவில் வேலை செய்யாத நாய் என்று கொண்டுவரப்படுகிற பலவற்றுக்கும் அடியில் உண்ணிக் காய்ச்சல் இருக்கும். எர்லிக்கியா என்ற கிருமி, உண்ணி கடித்துப் பரவும். நாள்பட்ட நிலையில் காய்ச்சல்கூடத் தெரியாது. நாய் சாப்பிடும், வாலாட்டும், ஓடச் சொன்னால் மட்டும் ஓடாது. ஈறு வெளுத்திருக்கும். காதுமடலின் உட்புறம், விரலிடுக்கு, வாலடி மூன்றிலும் உண்ணி தேடுங்கள்.

ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். ஆசனவாயில் வெப்பமானி வைத்தால் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் இயல்பு. அதோடு ரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின், தட்டணுக்கள், ரத்தப் பூச்சு (கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது). கிரேஹவுண்ட் மாதிரி ஒல்லி ஓட்ட நாய்களுக்குத் தட்டணுக்கள் இயல்பிலேயே கொஞ்சம் குறைவாகவும் சிவப்பணுக்கள் கூடுதலாகவும் இருப்பதுண்டு. தட்டணு எண்ணிக்கையை மட்டும் பார்த்து மருந்து ஆரம்பிக்காமல் பூச்சையும் பார்க்கச் சொல்லுங்கள். உங்களுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தான். எர்லிக்கியா உறுதியானால் டாக்சிசைக்ளின் வழக்கமாக 28 நாள். பத்தாம் நாளே துள்ளுகிறது என்று நிறுத்தினால் திரும்ப வரும். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுக்கும், சோற்றோடு கொடுக்க வேண்டும்.

அடுத்தது கொக்கிப்புழு. ஈரமான மண்ணில் வளரும் நாய்க்கு இது ஓயாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடைக்கு ஏற்ற குடற்புழு மருந்து.

இதையெல்லாம் விட அவசரம் ஒன்று உண்டு. வெறிநாய் ஊசி மட்டும்தான் போட்டிருக்கிறது என்கிறீர்கள். அப்படியென்றால் எலிக்காய்ச்சலுக்குப் பாதுகாப்பு இல்லை. எலியின் மூத்திரம் கலந்த வயல் தண்ணீரே போதும், எலியைக் கடிக்கக்கூட வேண்டியதில்லை. எலிக்காய்ச்சல் கிருமியான லெப்டோஸ்பைராவுக்கும் சேர்த்துப் போடும் கூட்டுத் தடுப்பூசி முதல் முறை என்றால் 3–4 வார இடைவெளியில் இரண்டு, பிறகு ஆண்டுதோறும். இரண்டாவது ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகும்வரை எலி வேலைக்குக் கொண்டுபோகாதீர்கள். வளை வெட்டுகிறவர்களும் வெறுங்காலோடு, காலில் புண்ணோடு சேற்றில் இறங்கக்கூடாது. இது மனிதருக்கும் வரும்.

வயிறு நிறையச் சோறு போட்டு ஓட விடாதீர்கள். நெஞ்சு ஆழமான இனங்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. சாப்பாட்டுக்கும் ஓட்டத்துக்கும் நடுவே மூன்று மணி நேரமாவது இருக்கட்டும். கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு தெரிவது இந்த இனத்துக்குச் சரியான உடம்பு. எலும்பு தெரிகிறதே என்று ஊட்டிக் கொழுக்க வைக்க வேண்டாம்.

கிட்டிமூங்கில்:

நாயை விடுங்கள், எலியைப் பற்றிப் பேசுவோம். நாலு ஏக்கர் எலியை ஒரு நாய் தீர்க்காது, எந்த இனமாக இருந்தாலும்.

உங்கள் வரப்பில் இருப்பது பெரும்பாலும் கரும்பழுப்பு நிறத்தில் முரட்டு முடியோடு இருக்கும் வயல் எலி. வளை வாயை உள்ளிருந்து புது மண்ணால் அடைத்துக்கொள்ளும். அந்தப் புது மண் குவியல்தான் அடையாளம். சாயங்காலம் எல்லா வாயையும் மிதித்து மூடுங்கள். விடியற்காலையில் எது திறந்திருக்கிறதோ, எதில் புது மண் தள்ளியிருக்கிறதோ, அதில் மட்டும்தான் எலி. மற்றதை வெட்டுவது வீண்.

காலமும் முக்கியம். கதிர் உருவாகும் பருவத்திலும் பால் பிடிக்கும்போதும் எலி அதிகமாகப் பெருகும். அப்போது வயலுக்குள் நாயை இறக்கினால் எலியை விட நாய்தான் பயிரைச் சாய்க்கும். சம்பா அறுத்த கையோடும் முடியாது. அறுப்புக்கு முன்பே தெளித்த உளுந்து முளைத்து நிற்கும். உளுந்து பிடுங்கியபின், பங்குனி சித்திரையில், எலி முழுக்க வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் ஒதுங்கியிருக்கும்போதுதான் வெட்ட வேண்டும். அடுத்த வாய்ப்பு சேற்று உழவுக்குத் தண்ணீர் கட்டும் நாட்கள். வயலுக்குள் இருப்பது எல்லாம் வரப்பேறும்.

பயிர் நிற்கும்போது தஞ்சாவூர் கிட்டி என்கிற மூங்கில் எலிப்பொறிதான். ஏக்கருக்கு 30–40. இருட்டுவதற்கு முன் எலி நடமாட்டத் தடத்தில் வைத்து, விடிவதற்குள் எடுக்க வேண்டும். கிட்டி கட்டுகிற ஆட்கள் எலிக்கு இவ்வளவு என்று கூலி பேசுவார்கள். நாலு பக்கத்து வயல்காரர்களும் ஒரே இரவில் வைத்தால்தான் பலன். நீங்கள் மட்டும் பிடித்தால் பக்கத்து வரப்பிலிருந்து குடிவந்துவிடும். கிட்டி வைத்த இரவில் நாயைக் கட்டிப் போடுங்கள், மூக்கை நீட்டினால் அடி விழும்.

வரப்பை ஒன்றரை அடி அகலம், ஓரடி உயரத்துக்குச் செதுக்கிவிடுங்கள். பெருத்த வரப்பு எலிக்குக் கட்டிக்கொடுத்த மாடி வீடு. ஆந்தை உட்கார ஏக்கருக்கு 15–20 பறவைத் தாங்கி நடுங்கள், பால் பிடித்ததும் எடுத்துவிடுங்கள், பகலில் கதிர் தின்னும் குருவி உட்காரும். சாரைப்பாம்பை அடிக்க விடாதீர்கள்.

பாம்பு என்றதும் இன்னொன்று. எலி வளையில் நல்ல பாம்பு இருக்கும், விரியனும் ஒதுங்கும். வளையில் மூக்கை வைக்கும் நாய்க்கு மூக்கிலோ உதட்டிலோதான் கடி. வளை வாய் வழவழப்பாக, புது மண் இல்லாமல் இருந்தால் நாயையும் கையையும் தள்ளி வையுங்கள்.

கோரையாற்றுக்கரை:

நன்றி. காதுக்குள் உண்ணி நிறைய இருக்கிறது, ஈறும் வெளுப்பாகத்தான் தெரிகிறது. ரத்தம் எடுக்கக் கொண்டுபோகிறேன். கம்பு, துணிச் சோதனையில் நன்றாகப் பாய்ந்தது, ஆனால் சீக்கிரம் களைத்தது.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். பக்கத்து வயல்காரர்கள் எலிக்கு மருந்து வைப்பார்கள், நாய் செத்த எலியைத் தின்றால்? முயலுக்குப் பழக்குவது பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே?

வெண்ணாறு:

முயலைப் பற்றி ஒரே பதில்தான், வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குள் கொல்வது மட்டுமல்ல, நாய் விட்டுத் துரத்துவது, விரட்டுவது, அதற்கான முயற்சி எல்லாம் அடங்கும். 2022 திருத்தத்துக்குப் பிறகு முயல் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். நரி, உடும்பு, மயில் என்றால் இன்னும் கடுமை. என் நாய் தானாகத் துரத்தியது என்ற பேச்சு அங்கே எடுபடாது. வடுவூர் ஏரி, உதயமார்த்தாண்டபுரம், கோடியக்கரை பக்கம் போனால் நாயைக் கயிற்றை விட்டு அவிழ்க்கவே கூடாது. வயல் எலியைப் பிடிப்பதற்கு இந்தத் தொல்லை இல்லை.

மேய்ச்சல்தரை:

மருந்து இரண்டு வகை, இரண்டும் வேறு வேறு விதமாகக் கொல்லும்.

துத்தநாக பாஸ்பைடு கருஞ்சாம்பல் பொடி. பொரியோடு 49 பங்குக்கு 1 பங்கு கலப்பார்கள். வயிற்று அமிலத்தில் பட்டதும் விஷவாயு ஆகிவிடும். வாயில் பூண்டு நாற்றம், வாந்தி, வயிற்று உப்பல், வலிப்பு, சில மணி நேரத்துக்குள். நாய் மருந்துப் பொரியைத் தின்றாலும் இது வரும், மருந்து தின்ற எலியின் வயிற்றைத் தின்றாலும் வரும். பாலோ சோறோ கொடுக்காதீர்கள். உணவு போனால் அமிலம் கூடும், வாயுவும் கூடும். நாய் வாந்தி எடுத்தால் ஜன்னலைத் திறந்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள், அந்த வாயு உங்களுக்கும் ஆகாது.

புரோமடியோலோன் கட்டியாகக் கிடைக்கும். ரத்தம் உறைவதைத் தடுக்கும். தின்ற அன்று நாய்க்கு ஒன்றும் இருக்காது, அதுதான் ஏமாற்றும். மூன்று முதல் ஐந்து நாள் கழித்துச் சோர்வு, வெளுத்த ஈறு, மூக்கில் ரத்தம், கறுத்த மலம், இருமல். மாற்று மருந்து வைட்டமின் கே1. கடையில் கே3 கொடுத்தால் வாங்காதீர்கள், இதற்குப் பயன்படாது. மருத்துவர் சொல்லும் அளவில் மூன்று நாலு வாரம் கொடுக்க வேண்டிவரும். மருந்து அட்டையைக் கையோடு எடுத்துப்போனால் நேரம் மிச்சம்.

ஈறு வெளுப்பு என்கிறீர்கள். பக்கத்தில் மருந்து வைத்த காலமா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சலும் இந்த விஷமும் முதல் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும்.

கிட்டிமூங்கில்:

வெண்ணாறு அண்ணன் சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்வேன். வளை மோந்து தோண்டும் வேலை இதற்கு வராது. வெளியே பாய்கிற எலியைக் கவ்வும் வேலை வரும், தரை காய்ந்து வெட்டவெளியாக இருந்தால். உளுந்து பிடுங்கிய வயலில் எலி இருபது அடி ஓடித்தான் ஒளிய வேண்டும். அந்த இருபது அடி இதன் ராஜ்ஜியம். உடம்பு தேறியபின் முயன்று பாருங்கள்.

கிட்டியில் செத்த எலி ஒன்றை எடுங்கள். மருந்து வைக்காத வயலின் எலியாக இருக்க வேண்டும். கையுறை போட்டு, கழுத்தில் கயிறு கட்டி, அதே கம்பின் நுனியில் துணிக்குப் பதிலாக மாட்டுங்கள். முதலில் துணி, பிறகு எலி, பிறகு துணி என்று மாற்றி மாற்றி. கவ்வியதும் கோழித் துண்டைக் காட்டி ‘விடு’ என்று வாங்கிக்கொள்ளுங்கள். பிடித்ததைத் தின்னக்கூடாது என்பதை இங்கேயே படிய வைக்க வேண்டும். பிறகு வேடிக்கை பார்க்கவாவது, எலி வேலை பழகிய நாட்டு நாயோடு வளை வெட்டும் இடத்துக்கு அழைத்துப்போங்கள், பத்தடி தள்ளிக் கயிற்றில் பிடித்து. இழுத்து முனகினால்தான் அடுத்த முறை அவிழ்ப்பது.

உயிருள்ள எலியைக் கட்டிப்போட்டுக் காட்டுவார்கள் சிலர். வேண்டாம். அது கொடுமை, சட்டமும் இடிக்கும், பலனும் இல்லை. கட்டுண்ட எலி திரும்பி உதட்டைக் கடிக்கும், அந்த ஒரு கடியோடு நாய்க்கு எலி என்றாலே பின்வாங்கல். அதே காரணத்துக்காகப் பெருச்சாளியை முதலில் சந்திக்க விடாதீர்கள். அது ஒரு கிலோ வரை போகும், நின்று எதிர்க்கும். தயங்கும்போது திட்டுவதும் எலியை மூக்கில் தேய்ப்பதும் அதே கெடுதலைத்தான் செய்யும்.

ஒரு கோடை முழுக்கப் பார்த்தும் எலி மேல் ஆர்வம் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

வெண்ணாறு:

காய்ந்த வயல் என்று சேர்த்துச் சொன்னதால் ஏற்கிறேன். ஆனால் வருஷத்தில் ஒன்றரை மாத வேலைக்காக ஒரு நாய், மீதி மாதம் என்ன என்பதுதான் கேள்வி.

வைத்துக்கொள்வதானால் ஆறடி வேலி வேண்டும், நாலடிச் சுவரைத் தாண்டிவிடும். தினம் விடியலில் அரைமணி ஓட்டம், கயிற்றிலோ அடைத்த களத்திலோ. வாத்து மந்தை வரும் மாதங்களில் அவிழ்க்கவே கூடாது. ஒரு வாத்து செத்தாலும் கணக்குப் பேச வேண்டியது நீங்கள். களத்தில் நெல் கிடக்கும் இரவுகளுக்குக் காவல் இருக்கும். புது ஆள் அசைந்தால் இதன் கண்ணுக்குத் தப்பாது, ஆனால் கோம்பை இன நாய் மாதிரி விடாமல் குரைக்காது. சத்தம் வேண்டுமென்றால் கூட ஒரு நாட்டு நாய் இருக்கட்டும். எலிக்கும் அதுதான் ஆள்.

கொடுத்துவிடுவதானால் யாருக்கு என்பதில் கவனம். கோடையில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வயலில் ஆட்டுக்கிடை போட வரும் கீதாரிகளுக்கு (ஆட்டு இடையர்களுக்கு) நாய் தேவைப்படும்தான், ஆனால் ஆட்டோடு குட்டியிலிருந்தே வளராத ஓட்ட நாயை ஆட்டு மந்தைக்குள் விடுவது வாத்துக் கதையையே பெரிதாக்கும். முயலுக்கு என்று விலை பேசி வருகிறவனுக்குக் கொடுக்காதீர்கள். இந்த இனத்தை வளர்த்த அனுபவம் உள்ள, அடைப்பு உள்ள வீடு, அல்லது தென்னந்தோப்பு. சிகிச்சை முடிந்து, ஊசிச் சீட்டோடு, முதலில் பதினைந்து நாள் சோதனையாகக் கொடுங்கள். சிப்பிப்பாறை ஒரு ஆளைத்தான் பிடித்துக்கொள்ளும், புது இடத்தில் முதல் வாரம் சோறு இறங்காது, தப்பி ஓடப் பார்க்கும். கழுத்துப் பட்டையை உருவிக்கொண்டு போகும் தலைவாகு என்பதால் அகலப் பட்டையோ நெஞ்சுப் பட்டையோ போட்டுக் கொடுங்கள், உங்கள் போன் எண் எழுதிய தகடோடு.

தெருவில் விடுகிற யோசனை சொன்னவரிடம், வளர்த்த விலங்கைப் பட்டினியில் கைவிடுவது 1960 ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்று சொல்லுங்கள். சட்டம் கிடக்கட்டும், கண்ணில் பட்டதைத் துரத்துகிற நாய் திருத்துறைப்பூண்டி ரோட்டில் ஒரு வாரம் தாங்காது.

மேய்ச்சல்தரை:

கொடுப்பதாக முடிவானாலும் ரத்த முடிவு வந்து 28 நாள் மருந்து முடியட்டும். ஆண்மை நீக்கம் செய்வதாக இருந்தால் ஓட்ட நாய் இனம் என்று மயக்க மருந்துக்கு முன்னரே மருத்துவரிடம் சொல்லுங்கள். உடம்பில் கொழுப்பு குறைவு என்பதால் தையோபென்டோன் போன்ற மருந்துகளில் மயக்கம் தெளிய வெகு நேரமாகும், வேறு மருந்து தேர்ந்தெடுப்பார்கள். உண்ணிக்கு நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் போதாது. படுக்கும் சாக்கை எரித்துவிட்டு, கொட்டகைச் சுவர் வெடிப்புகளைச் சுண்ணாம்பால் அடையுங்கள், உண்ணி முட்டை வைப்பது அங்கேதான்.